ஏழ்மைச் செய்முறைத் தேர்வு

தமிழ்நாட்டில் அசல் ஏழை என்று இதுவரை ஒருவனும் பிறக்கவில்லை, பிறந்திருப்பது தான் ஒருவன் மட்டுமே என்று கோட்டைச்சாமி அறிவித்தபோது விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் புளிசாதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்றுதான் சொன்னான். இடது கை நெஞ்சில் இருந்தது. வலது கையில் அப்பளம்.

“நீங்கள்லாம் காப்பிடா. நான் ஒருத்தன்தான் ஒரிஜினல்.”

யாரும் சிரிக்கவில்லை. மாசி பிறந்துவிட்டது. இரண்டாம் பேட்ச்சுக்கு ஏழ்மைச் செய்முறைத் தேர்வு வர இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. மோர் வாளியோடு வந்த சமையல்காரர் மட்டும் நின்று, “ஒரிஜினலுக்கு மோர் ஊத்தலாமா, கூடாதா?” என்று கேட்டார். ஊற்றலாம் என்று கோட்டைச்சாமி பெருந்தன்மையோடு சொன்னான்.

அரசின் அறிவியல் தொழில்நுட்ப உதவித்தொகையில் படிக்கும் பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் அந்தத் தேர்வை எழுதியாக வேண்டும். மற்றப் படிப்புக்காரர்களுக்கு வருமானச் சான்றிதழ் போதும். அறிவியல் படிக்கிறவர்கள் எதையும் சோதித்துப் பார்த்தே நம்புகிறவர்கள் என்பதால் அவர்களுக்கு மட்டும் செய்முறை. வீட்டு நடுவில் உத்தரத்தில் நூலைக் கட்டி, நூலில் குண்டைக் கட்டி, ஆட விட வேண்டும். அது ஆடுகிற ஆட்டத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தால் அந்த வீட்டின் ஏழ்மை தெரிந்துவிடும். ஐந்து முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் வலப்பக்கம் எழுத்தும் இடப்பக்கம் படமுமாகப் பதிந்துகொண்டு போய் உதவித்தொகை அலுவலகத்தில் புறத்தேர்வாளர் முன்னால் நிற்க வேண்டும்.

சரியான விடை 9.8. அலகு கிடையாது.

விடை முன்னாலேயே தெரிந்திருப்பதால் யாரும் குண்டைக் கட்டுவதில்லை. ரெக்கார்டு நோட்டை அளந்து எழுதியவன் எந்த ஊர்க் கல்லூரியில் இருக்கிறான்? மூத்தவர்களிடம் வாங்கிக் காப்பி அடிப்பார்கள். அந்த மூத்தவர்கள் தங்களுக்கு மூத்தவர்களிடம் அடித்தவர்கள். தோண்டிக்கொண்டே போனால் இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் படித்த பாண்டியம்மாள் என்கிற அக்காவிடம் போய் முட்டும். அவள் ஒருத்திதான் உண்மையில் அளந்தவள். முழு மதிப்பெண் வாங்கியவள்.

பாண்டியம்மாள் அக்காவின் நோட்டில் ஓரறை வீடு ஒன்று இருந்தது. கூரை நான்கு இடத்தில் ஒழுகியது. பின்னங்கால் நொண்டும் ஆடு ஒன்று இருந்தது. ‘தந்தை’ என்ற இடத்தில் ‘இல்லை, படம் காண்க’ என்றிருந்தது. இடப்பக்கம் பென்சிலால் போட்ட சட்டம், சட்டத்துக்குள் மீசை வைத்த ஒரு முகம், மேலே மாலை.

அதைக் காப்பி அடித்தால் அடித்தவனுடைய வீடும் அப்படியே ஆகிவிடும். இதில் அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது. நோட்டில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இருந்தால் தணிக்கையில் கேள்வி வரும்.

கோட்டைச்சாமியின் அறைத்தோழன் வழிவிட்டான் முதல் பேட்ச். தை மாதமே எழுதி, தேறி, உதவித்தொகையும் வாங்கிவிட்டான். அவனுடைய அப்பா பேருந்து நிலையத்துக்கு எதிரே பரோட்டா போடுகிறவர். மாவை வீசினால் தெரு விளக்கு மறையும் என்பார்கள். தேர்வு முடிந்து ஊருக்குப் போய் வந்த வழிவிட்டான் பையை இறக்கி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

“வாசல்ல ஆடு நின்னுச்சு மாப்ள. நொண்டிக்கிட்டே வந்து கைய நக்குச்சு.”

“அப்பா?”

“செவுத்துல இருந்தாரு.”

“அம்மா ஒண்ணும் கேக்கலையா?”

“எப்பவும் அங்கதானடா இருக்காருங்குது. சின்னதா லைட்டு போட்ருக்கு. ரோஸ் கலரு.” வழிவிட்டான் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். “மீசைதான் அவருது இல்ல.”

அன்றே கோட்டைச்சாமி அவனுக்கு ஆணி என்று பெயர் வைத்தான். காலையில் பல் விளக்குகிற இடத்தில் எல்லோர் முன்னாலும் கூப்பிடுவான். “ஏ ஆணி, அப்பாவுக்குத் தூசி தட்டியாச்சா?” குளிக்கப் போகும்போது, “ஆணி ஸ்ட்ராங்கா இருக்குல்ல? காத்தடி காலம் வருது.” ஒரு நோட்டுப் புத்தகத்துக்காகப் பெற்ற அப்பனைச் சுவரில் மாட்டிய மகராசன் என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அவனை அறிமுகம் செய்து வைத்தான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வழிவிட்டான் நுரையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பான். கோபப்பட்டதில்லை. கோபப்பட்டிருந்தால் கோட்டைச்சாமிக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சாப்பாட்டுக்கூடத்தில் அறிவித்த மறுநாளே கோட்டைச்சாமி ஆய்வகத்தில் கையெழுத்துப் போட்டு நூல், குண்டு, நிறுத்து கடிகாரம், வெர்னியர் அளவி எல்லாம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டான். நடத்துநர் வெர்னியருக்கு அரை டிக்கெட் போட்டார். நியாயம்தான் என்று அவனுக்குப் பட்டது. அது சன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

அவனுடைய அப்பா பூவலிங்கம் கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேலத்தை வெட்டி, கட்டை கட்டையாக அடுக்கி, மண் பூசி மூடி, உள்ளே நெருப்பு வைத்து, எட்டு நாள் காவல் இருந்தால் கரி. அவருடைய உள்ளங்கை ரேகை எல்லாம் கரி படிந்து அச்சுப் போட்டதுபோல இருக்கும். எந்தச் சோதிடரும் அவரைப் பார்த்ததும் கையை விரித்துக் காட்டச் சொல்லாமலே பலன் சொல்லிவிடுவார்.

“என்னய்யா, நூலும் கையுமா வந்துருக்க?” என்றார்.

“நம்ம வீட்டு ஏழ்மைய அளக்கணும்ப்பா.”

“எம்புட்டு இருக்கணும்?”

“ஒம்போது புள்ளி எட்டு.”

“இருக்கும்யா. அதுக்கு மேலயே இருக்கும். நல்லாப் பாரு.”

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மகன் படிக்கிற படிப்புக்குத் தன் வீட்டில் ஏதோ ஒன்று பயன்படுகிறதே. மூட்டத்தில் நின்றவர்களிடம் எல்லாம் போய்ச் சொன்னார். மகன் கற்றுக்கொடுப்பதை மறுநாள் மூட்டத்தில் சொல்வது அவருடைய வழக்கம். சூடான காற்று மேலே போகும் என்பதிலிருந்து நிலா தானாக ஒளி விடுவதில்லை என்பது வரை அந்த வட்டாரத்துக் கரிக்காரர்கள் அனைவருக்கும் தெரியும்.

கோட்டைச்சாமி உத்தரத்தில் நூலைக் கட்டினான். குண்டை ஆட விட்டான். அம்மா அடுப்படியிலிருந்து, “அளந்தது போதும், சாப்பிடு, ஆறிப்போகும்,” என்றாள். அப்போது அப்பா மூட்டத்தடியில் இருந்தார். விடை 9.1 வந்தது.

மிச்சம் 0.7 ஆடு இல்லாததால் வரும் பிழை என்று குறித்துக்கொண்டான்.

இரண்டாவது முறை ஆட விட்டபோது அப்பா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். குண்டு அவரைப் பார்த்ததுபோல வேகம் குறைந்தது. மெதுவாக, சாப்பிட்டுவிட்டு உலாத்துகிறவனைப்போல ஆடியது. 6.3.

“வந்துருச்சா?” என்றார் அப்பா.

“கொறையுதுப்பா.”

“நான் வேணா கொஞ்ச நேரம் அங்கிட்டுப் போய் நிக்கட்டா?”

“வேணாம்ப்பா. அது மோசடி.”

“நூலு இழுத்துருக்கும்யா. வேற நூலு போடு.”

வேறு நூல் போட்டான். அப்பா சுவரோரமாக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். 6.3. அவருடைய உள்ளங்கை வெடிப்பின் ஆழத்தை வெர்னியரில் அளந்து சேர்த்துப் பார்க்கலாம் என்று கையைப் பிடித்தான். அப்பாவுக்குக் கூச்சம் அதிகம். வெர்னியரின் முனை பட்டதும் நெளிந்து நெளிந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். குண்டு கிட்டத்தட்ட நின்றே போனது. அந்த அளவீட்டையும் அப்பா இல்லாதபோது வந்த 9.1ஐயும் தள்ளிவிட்டு, இன்னும் மூன்று முறை ஆட விட்டான். ஆனாலும் சராசரி 6.3தான்.

வந்ததை வந்தபடி எழுதினான். நோக்கம்: இல்லத்தில் உள்ள ஏழ்மையைக் கண்டறிதல். தேவையான கருவிகள்: ஒன்று நூல், இரண்டு குண்டு, மூன்று கடிகாரம், நான்கு தந்தை.

“நான் இதுல வாரேனா?” என்று அப்பா எட்டிப் பார்த்தார்.

“நாலாவதா வாரீங்க.”

“சரி சரி. நாலாவதுன்னா நல்லதுதான்.”

விடுதிக்குத் திரும்பியதும் நோட்டை வழிவிட்டானின் மடியில் போட்டான். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக ஒருவன் அளந்து எழுதியிருக்கிறான், தொட்டுக் கும்பிட்டுக்கொள் என்றான். வழிவிட்டான் முழுக்கப் படித்தான். கணக்கில் ஒரு இடத்தில் கூட்டல் விட்டிருந்ததைத் திருத்திக் கொடுத்தான்.

“நல்லா இருக்கு மாப்ள. ஆனா ஆறு புள்ளி மூணுன்னா ஒத்துக்க மாட்டாங்க.”

“வர்றத எழுதுறதுதான்டா சயின்ஸு. ஒன்ன மாதிரியா?”

வழிவிட்டான் விளக்கை அணைக்க எழுந்தான். பிறகு, இன்னும் பகல்தான், விளக்கே போடவில்லை என்று ஞாபகம் வந்து மறுபடியும் உட்கார்ந்துகொண்டான்.

தேர்வு நாள் காலை பத்து மணிக்குக் கோட்டைச்சாமி உதவித்தொகை அலுவலகத்தில் இருந்தான். பதினான்காம் எண் அறைக்குப் போகச் சொன்னார்கள். வாசலிலிருந்து பார்த்தபோது அது மூன்றாவது அறையாக இருந்தது. நடக்க நடக்க நடைவழி நீண்டது. யாராவது “தோ, வந்துருச்சு” என்று சொன்னால் ஒரு அறை கூடியது. அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள். நெல்லிக்காய் விற்கிற பெண் ஒருத்தி மட்டும் எதிர்த்திசையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். காலையில் புறப்பட்டு வருவதாகச் சொன்னாள். எந்த ஆண்டு என்று சொல்லவில்லை.

பதினொன்றாம் அறைக்கு வெளியே மர நாற்காலி ஒன்று கிடந்தது. கால் வலித்ததால் கோட்டைச்சாமி அதைப் பார்த்தான்.

“உக்காருங்க, பரவால்ல,” என்றது நாற்காலி. “கெமிஸ்ட்ரி மூணாம் வருசம். இங்க வந்து ரெண்டு செமஸ்டர் ஆகுது.”

“எப்பிடிண்ணே நாற்காலி ஆனீங்க?”

“வெயிட் பண்ணச் சொன்னாங்க.”

கோட்டைச்சாமி மரியாதைக்காக ஓரமாக உட்கார்ந்தான்.

அடுத்ததாக ஒரு கவுண்ட்டர் இருந்தது. உள்ளே சண்முகக்கனி என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரிவு எழுத்தர். இடது கையால் பேனாவை எடுத்தார்.

“பேரு?”

“கோட்டைச்சாமி மேடம். பிஸிக்ஸ் செகண்ட் இயர்.”

“இருக்கீங்களா?”

“இருக்கேன் மேடம்.”

“எழுத்துல இருக்கா?”

இல்லை. இருப்புச் சான்று என்கிற படிவத்தைக் கொடுத்தார். காலையிலிருந்து அவன் இருந்துகொண்டிருப்பதை நேரில் பார்த்தவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கோட்டைச்சாமி நாற்காலியிடம் போனான். நாற்காலி முன்னங்காலைத் தூக்கிப் போட்டுக் கொடுத்தது. அரசு நாற்காலி என்பதால் மேலொப்பம் தேவைப்படவில்லை.

“கருவியெல்லாம் கொண்டாந்துட்டீங்களா?” என்றார் சண்முகக்கனி.

“நூல், குண்டு, கடிகாரம் இருக்கு மேடம்.”

“நாலாவது?”

நாலாவதைக் கொண்டுவர வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அலுவலகம் அப்பாவுக்கு நேரடியாகவே கடிதம் போட்டிருந்தது. பூவலிங்கம் விடிகாலைப் பேருந்தில் வந்து, கவுண்ட்டருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சட்டைப் பையில் ‘கருவி 4’ என்று எழுதிய சீட்டைக் குத்தியிருந்தார்கள். மகனைப் பார்த்ததும் எழப் போனவர், கருவிகள் எழுந்திருக்கலாமா என்று தெரியாமல் பாதியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“போய் வாய்யா. தெம்பாப் பேசு,” என்றார்.

பதினான்காம் அறையில் புறத்தேர்வாளர் ஒரு பெரிய தராசுக்குப் பின்னால் இருந்தார். மிகச் சிறிய மனிதர். தட்டு இறங்கும்போது மட்டும் முகம் தெரிந்தது. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நக நுனியால் திருப்பினார்.

“தந்தை?”

“பூவலிங்கம் சார்.”

“உயிரோட இருக்காரா?”

“இருக்கார் சார்.”

“எவ்வளவு?”

“முழுசா சார்.”

தேர்வாளர் பெருமூச்சு விட்டார். தட்டு ஏறி இறங்கியது.

“சரியான விடை என்ன தம்பி?”

“ஒம்போது புள்ளி எட்டு சார்.”

“உனக்கு வந்தது?”

“ஆறு புள்ளி மூணு சார்.”

“மிச்சம் மூணரை எங்க?”

“ரெண்டு புள்ளி எட்டு அப்பா சார். பாக்கி ஆடு.”

“ஆடாவது இருக்கா?”

“இல்ல சார்.”

“பாத்தியா? ஆடும் இல்ல. அப்பாவும் இருக்கார்.” குரலில் கோபமே இல்லை. வருத்தம்தான் இருந்தது. “இருபத்தாறு வருசமா எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒம்போது எட்டு வருது. உனக்கு மட்டும் ஏன் தம்பி வரல? ஒழுங்கா அளந்தியா?”

“நான் ஒருத்தன்தான் சார் அளந்தேன்.”

“அதான்,” என்றார் தேர்வாளர். நோட்டில் சிவப்பு மையால் குறுக்காக ஒரு கோடு போட்டு மூடினார். “கவுண்ட்டர்ல படிச்சதத் திருப்பிக் குடுத்துட்டுப் போ.”

விதி அப்படி. அரசாங்கம் பணம் கொடுத்துப் படித்த படிப்பு. ஏழை இல்லை என்று ஆகிவிட்டால் படித்ததை ஒப்படைத்துவிட வேண்டும். சண்முகக்கனி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு பழுப்பு உறையைப் பிரித்து அவன் காதருகே பிடித்தார்.

“மாதிரிக்கு ஒண்ணு எடுத்துக்கிறோம். ஓம் விதி.”

வலிக்கவில்லை. உறைக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ஒட்டி, அரக்கு வைத்து, அலமாரியில் செருகினார். கோட்டைச்சாமி யோசித்துப் பார்த்தான். மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் ஏதோ உறவு இருந்தது மட்டும் ஞாபகம் இருந்தது. மாமன் மச்சான் முறையா, பங்காளி முறையா என்று தெரியவில்லை. அது இருந்த இடத்தை நாக்கால் துழாவுவதுபோல மனசால் துழாவினான். பல் விழுந்த ஈறு மாதிரி வழவழப்பாக இருந்தது.

“அஞ்சு மணிக்கு மூடுவோம்,” என்றார் சண்முகக்கனி. “அதுக்குள்ள சரியான ரெக்கார்டு வந்தா இதத் திருப்பிக் குடுத்துருவோம், ஸ்காலர்ஷிப்பும் நிக்காது. வரலன்னா மிச்சத்தையும் எடுத்துருவோம்.”

“மிச்சம்னா எதுவரைக்கும் மேடம்?”

“வாய்ப்பாடு வரைக்கும் போவோம். அரிச்சுவடிய எடுக்கிறதில்ல. அது உங்க சொந்தம்.”

கோட்டைச்சாமி பெஞ்சில் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று. இருபது வயதில் அரிச்சுவடியோடு மூட்டத்தடியில் நிற்பதை நினைத்துப் பார்த்தான். மண் பூச வாய்ப்பாடு தேவையில்லைதான். ஆனால் கட்டைகளை எண்ண வேண்டியிருக்கும்.

“அப்பா.”

“சொல்லுய்யா.”

“ஓம் விதின்னா என்னப்பா?”

பூவலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தேர்வில் தன்னையும் கேள்வி கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

“அழுத்தம் கூடுச்சுன்னா ஓட்டம் கூடும். தடை கூடுச்சுன்னா ஓட்டம் கொறையும். நீதானய்யா போன கோடையில மூட்டத்துல வச்சுச் சொன்ன. நான் எல்லாத்துக்கிட்டயும் சொல்லிருக்கேன்.”

“இன்னொருக்காச் சொல்லுங்க.”

இன்னொரு முறை சொன்னார். கோட்டைச்சாமி கவனமாகக் கேட்டான். சொல்லி முடித்ததும் அது அவனிடம் இல்லை. மூன்றாம் முறை கேட்க வெட்கமாக இருந்தது.

“சரியாச் சொன்னேனா?” என்றார் அப்பா.

“தெரியலப்பா.”

அவன் எழுந்து கவுண்ட்டருக்குப் போனான். நெடுநேரம் நின்றான். சண்முகக்கனி தலை தூக்காமலே, அவன் கேட்பதற்கு முன்பே, ஒரு ரெக்கார்டு நோட்டைக் கம்பி வழியாகத் தள்ளினார். அதன் முதுகில் துளை போட்டுச் சங்கிலி கோத்திருந்தார்கள். கூடவே வெற்று நோட்டு ஒன்று, பென்சில், அளவுகோல், ரப்பர்.

“மாதிரி நோட்டு. இந்த வருசத்துக்கு இதத்தான் வச்சிருக்கோம். படம் சுத்தமா இருக்கும். அந்தப் பெஞ்சு வரைக்கும் சங்கிலி எட்டும்.”

அட்டையில் பெயர் இருந்தது. வி. வழிவிட்டான், மின்னணுவியல், இரண்டாம் ஆண்டு.

கோட்டைச்சாமி சுற்றும் முற்றும் பார்த்தான். தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நாற்காலி மட்டும் இருந்தது. அது மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை விரித்தான். வழிவிட்டானின் கையெழுத்து குண்டு குண்டாக, பிழையில்லாமல் இருந்தது. நோக்கத்தை எழுதினான். கருவிகளில் மூன்றோடு நிறுத்திக்கொண்டான். ஓரறை வீடு. கூரை நான்கு இடத்தில் ஒழுகும்.

“நம்ம கூரை ஒழுகலையேய்யா. போன ஆவணியிலதான மாத்துனோம்,” என்றார் அப்பா.

“ஒழுகும்ப்பா.”

“ஆடுன்னு என்னமோ போட்டுருக்கு?”

“வந்துரும்ப்பா.”

“வந்தா நல்லதுதான். அம்மாவுக்குத் தொணையா இருக்கும்.”

கோட்டைச்சாமியின் பென்சில் முனை உடைந்தது. பெஞ்சின் விளிம்பில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டான். மணி நாலு இருபது. அட்டவணையில் ஐந்து அளவீடுகளும் 9.8 என்று எழுதினான். சராசரி 9.8. ‘தந்தை’ என்ற இடத்தில் மாதிரி நோட்டில் இருந்ததையே எழுதினான். இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினான்.

“நான் இதுல எங்கிட்டுய்யா வாரேன்?”

“படத்துலப்பா.”

“படத்துலயா?” பூவலிங்கத்துக்கு முகம் மலர்ந்தது. “அப்பச் சுத்தமாப் போடு. அவசரப்படாத. நேரம் இருக்கு.”

இடப்பக்கத்தைத் திருப்பினான். சட்டம், நீளம் ஆறு, அகலம் நான்கு. முதல் கோடு போடும்போது அளவுகோல் வழுக்கி, கோடு வளைந்துவிட்டது. ரப்பரால் அழித்தான். மறுபடியும் வளைந்தது.

“இரு, கோணலாப் போவுது. நான் புடிச்சுக்கிறேன்,” என்று அப்பா இரண்டு விரலால் அளவுகோலை அழுத்திப் பிடித்தார். ஆளுயரக் கட்டை அடுக்கைக் கண்ணாலேயே நேர் பார்க்கிறவர். கோடு நூல் பிடித்ததுபோல விழுந்தது. அவர் விரல் பட்ட இடத்தில் தாளில் லேசாகக் கரி ஒட்டியது.

“மூட்டத்துல மேக்க ஒரு ஓட்டை விழுந்துருக்கு,” என்றார். “அம்மாகிட்ட மண்ணு வச்சு அடைக்கச் சொல்லு. காத்துப் புகுந்துச்சுன்னா அம்புட்டும் சாம்பலாப் போகும்.”

“சொல்றேன்ப்பா.”

இரண்டாவது கோடு போட்டான். தாளைத் திருப்பி வைத்தான். அப்பா அளவுகோலைத் தூக்கிச் சரியான இடத்தில் வைத்துப் பிடித்தார்.

“சாப்பிட்டியாய்யா?”

“முடிச்சுட்டுச் சாப்புடுறேன்.”

மூன்றாவது கோடு நன்றாக வந்தது.

நான்காவது கோடு பாதி போகும்போது அளவுகோல் கொஞ்சம் நகர்ந்தது. கோட்டைச்சாமி தலையைத் தூக்கவில்லை. இடது கையால் தானே பிடித்துக்கொண்டு மிச்சத்தை முடித்தான்.

முகத்தை நோட்டில் இருந்தபடி போட்டான். கவுண்ட்டரில் சண்முகக்கனி சாவிக்கொத்தை எடுக்கிற சத்தம் கேட்டது. மாலையில் எத்தனை பூ என்று பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினான். வழிவிட்டான் பதினெட்டு போட்டிருந்தான். இவனுக்குப் பதினேழுக்கு மேல் இடம் போதவில்லை. கடைசிப் பூவைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டான்.